உறங்கும் முட்டையை எழுப்புவது யார்?



ஒரு பெண் சிசு தாயின் கர்ப்பத்தில் ஐந்தாம் மாதத்தை எட்டும்போது அதன் சினைப்பைகளில் ஏறக்குறைய 70 லட்சம் முட்டை அணுக்கள் இருக்கின்றன. பிறக்கும் வேளையில் அவை 10 அல்லது 20 லட்சமாகக் குறைந்து, பூப்பெய்தும் பருவத்தில் 3 அல்லது 4 லட்சமே எஞ்சி, அவற்றிலும் முதிர்ந்து வெளிவரும் பாக்கியம் பெறுபவை வாழ்நாள் முழுவதற்கும் சுமார் 400 மட்டுமே. தட்டையான சில உயிரணுக்கள் போர்வைபோலச் சூழ்ந்திருக்க, சில முட்டைகள் பதினைந்து வருஷமும் சில நாற்பது வருஷமுமாக உறங்கிக் கிடக்கின்றன. முட்டையும் போர்வையும் சேர்ந்த இந்த நுண்ணிய அமைப்பையே வைத்தியர்கள் ஃபாலிக்கிள் என்கிறார்கள். முதிர்ந்து நீர் கோத்த ஃபாலிக்கிளை 1672-இல் விவரித்த ஹாலந்து வைத்தியர் டி கிராஃப், அதையே முட்டை என்று கருதினார். உள்ளே உறையும் உண்மையான முட்டையை விஞ்ஞானி ஃபான் பேயர் ஒரு நாயின் சினைப்பையில் கண்டது 1827-இல்.

இந்த நித்திரையைக் கலைப்பது எது? மூளையின் அடியில் அமைந்த பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் எஃப்.எஸ்.எச். என்னும் ஹார்மோனே ஃபாலிக்கிளை வளர்க்கிறது என்பது பலரும் கேட்டிருக்கும் செய்தி. ஆனால் தொடக்கம் அதன் கையில் இல்லை. பின்லாந்து தேசத்தில், அந்த ஹார்மோனை ஏற்கும் வாயில் பிறவியிலேயே பழுதுபட்ட சில பெண்களை 1990-களில் ஆராய்ந்தபோது, அவர்களுடைய சினைப்பைகளில் முட்டை முதிரவில்லையே தவிர, உறங்கும் ஃபாலிக்கிள்களும், விழித்து முதற்படி ஏறி நின்றுவிட்ட ஃபாலிக்கிள்களும் இருக்கவே இருந்தன.

ஆகவே முதல் விழிப்பு முட்டைக்கும் அதைச் சூழ்ந்த அணுக்களுக்கும் நடக்கும் சம்பாஷணையைச் சார்ந்தது. சுற்றியுள்ள அணுக்கள் முட்டையைத் தூண்டுகின்றன. முட்டையும் வாளா இருப்பதில்லை. அது சுரக்கும் ஜி.டி.எஃப்.9 என்னும் புரதம் இல்லாத எலிகளில் ஃபாலிக்கிள் முதற்படிக்கு மேல் ஏறவில்லை என்பது 1996-இல் தெரிந்தது. போஷிக்கப்படும் பொருள் என்று நாம் எண்ணியிருந்த முட்டை, தன்னைப் போஷிப்பவர்களுக்கே ஆணையிடுகிறது!

எல்லாம் ஒருசேர விழித்துவிட்டால் சேமிப்பு சீக்கிரமே தீர்ந்துவிடும் அல்லவா? அதைத் தடுப்பது ஏ.எம்.எச். என்னும் ஹார்மோன். ஆண் சிசுவின் உடலில் கருப்பை உருவாகாமல் தடுக்கும் ஒரு சுரப்பு உண்டென்று பாரிஸில் ஆல்ஃபிரட் ஜோஸ்ட் என்னும் ஆராய்ச்சியாளர் 1940-களில் முயல்களைக் கொண்டு நிலைநாட்டினார்; அந்தச் சுரப்பே இது. பெண்ணுடலில், வளரத் தொடங்கிவிட்ட சிறு ஃபாலிக்கிள்கள் இதைச் சுரந்து, உறங்குபவற்றை இன்னும் சிறிது உறங்கச் செய்கின்றன. இந்த ஹார்மோன் அற்ற எலிகளில் முட்டைச் சேமிப்பு விரைவாகக் கரைவதை ரோட்டர்டாம் நகர ஆராய்ச்சியாளர்கள் 1999-இல் காட்டினார்கள். விழித்த ஃபாலிக்கிள் பல மாதங்கள் மெல்ல வளர்ந்த பின்னரே எஃப்.எஸ்.எச்.சின் ஆட்சிக்கு உட்படுகிறது.

இந்த ஏ.எம்.எச்.சைத்தான் இன்று இரத்தப் பரிசோதனையில் அளக்கிறார்கள். அளவு குறைவென்று கேட்டவுடன் கலங்கிப்போகும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை: அந்த எண் எஞ்சிய முட்டைகளின் தொகையை உத்தேசமாகச் சொல்லுமேயன்றி, அவற்றின் தரத்தைச் சொல்லாது, இயல்பாகக் கருத்தரிப்பீர்களா மாட்டீர்களா என்று தீர்ப்பளிக்கும் சக்தியும் அதற்கு இல்லை. உங்கள் வயதையும் உடல்நிலையையும் சேர்த்து ஆராயும் வைத்தியரிடம், தயங்காமல் விளக்கம் கேளுங்கள்.