காட்டைக் காக்கும் தீ

ஆஸ்திரேலியாவின் வடக்கில் இருக்கும் டார்வின் நகரிலிருந்து ஆர்னெம் நெடுஞ்சாலை வழியாகக் கிழக்கே காரில் போனால், சுமார் 250 கிலோமீட்டரில் ககாடு தேசியப் பூங்காவின் நடுப்பகுதியை அடையலாம். வழியில் ஊர் என்று சொல்ல அதிகம் இல்லை. சிவந்த மண், யூகலிப்டஸ் மரங்கள், ஆளுயரத்தையும் தாண்டிய கறையான் புற்றுகள். மே, ஜூன் மாதங்களில் போகிறவர்கள் இன்னொன்றையும் பார்ப்பார்கள்: சாலையோரத்தில் புல் எரிந்துகொண்டிருக்கும். தீக்கு அஞ்சி எழும்பும் வெட்டுக்கிளிகளைப் பிடிக்கப் பருந்துகள் மேலே வட்டமிடும். இவ்வளவு அழகான காட்டை அழிக்கிறார்களே என்று மனம் பதறுவது இயல்பு. ஆனால், அந்த அழகு இன்றும் மிஞ்சியிருக்க அந்தத் தீயே ஒரு முக்கியக் காரணம்.

அங்கே மழைக்காலம் ஏறக்குறைய நவம்பர் முதல் ஏப்ரல் வரை. அந்த மழையில் காட்டுச் சோளப் புல் ஆளை மறைக்கும் அளவுக்கு வளர்ந்து, மழை விட்டதும் காயத் தொடங்கும். அதை அப்படியே விட்டுவைத்தால், வெயில் உச்சத்தில் இருக்கும் அக்டோபரில் ஒரு மின்னல் போதும். தீ மர உச்சி வரை ஏறி நாள்கணக்கில் பரவும். மே மாதத்தில் மண்ணில் இன்னும் ஈரம் இருக்கும், இரவில் பனி இறங்கும். அப்போது வைக்கும் தீ தாழ்வாக ஊர்ந்து, புல்லைத் தின்று, பெரும்பாலும் இரவிலேயே அணைந்துவிடும். மரத்தின் அடி முழங்கால் உயரத்துக்குக் கருகியிருக்கும்; மேலே இலைகள் பச்சையாகவே நிற்கும். எரிந்த திட்டும் எரியாத திட்டும் மாறிமாறிக் கிடப்பதால், பின்னால் வரும் பெருந்தீ ஓட வழியில்லாமல் முடங்கும். ஆண்டை ஆறு பருவங்களாகப் பகுக்கும் அப்பகுதிப் பூர்வகுடிகளான பினிஞ் மக்கள், தீ வைக்கத் தொடங்கும் இந்தக் குளிர்ந்த பருவத்தை 'யெக்கே' என்கிறார்கள்.

மனிதர் விலகினால் காடு தானே செழிக்கும் என்று வாதிடுவோர் உண்டு. ககாடுவை ஒட்டிய மேற்கு ஆர்னெம் பீடபூமி அதற்குப் பதில் சொல்கிறது. 20ஆம் நூற்றாண்டில் அங்கிருந்த பூர்வகுடிகள் மிஷன்களுக்கும் நகரங்களுக்கும் பெயர்ந்துபோனார்கள். ஆளில்லாத அந்த நிலத்தில் கோடைப் பெருந்தீ பெருகியது. மெல்ல வளரும் சைப்ரஸ் பைன் மரங்கள் கூட்டம் கூட்டமாக மடிந்தன. பின்னர் லாஃப்டி பர்தயால் நஜமெரெக் போன்ற முதியவர்கள் ஊர் திரும்பி, விஞ்ஞானிகளோடு சேர்ந்து பழைய முறையை மீட்டார்கள். 2006இல் சுமார் 28,000 சதுர கிலோமீட்டர் பரப்புக்கு ஓர் ஒப்பந்தம் வந்தது. டார்வினில் உள்ள எரிவாயு ஆலை பணம் தரும்; மக்கள் பருவத்தின் தொடக்கத்திலேயே தீ வைத்து, ஆண்டுக்கு 1 லட்சம் டன் கரியமில வாயுவுக்கு ஈடான வெளியேற்றத்தைத் தவிர்ப்பார்கள் என்பது அதன் ஏற்பாடாக இருந்தது.

இன்று ஹெலிகாப்டரிலிருந்து தீக்குண்டு போடுகிறார்களே, இது எப்படி மரபாகும் என்றும் கேட்கிறார்கள். நடந்து போய்த் தீ வைத்த காலத்தில் நிலமெங்கும் ஆட்கள் இருந்தார்கள், இப்போது இல்லை. கருவி மாறினாலும், எந்த இடத்தை எப்போது எரிப்பது என்ற அறிவு மாறவில்லை. எல்லாத் தீயும் நல்லதல்ல என்பதும் உண்மையே. மேய்ச்சலுக்காக ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட காம்பா புல் 4 மீட்டர் வரை வளர்ந்து, உள்ளூர்ப் புல்லைவிடப் பன்மடங்கு உக்கிரமாக எரிந்து மரங்களையே கொல்கிறது. புல்லையும் பருவத்தையும் அறிந்தவர் கையில் தீ இருக்க வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு சான்றுதான்.

அந்தப் பீடபூமியின் செங்குத்தான பாறைகளை மனிதர் செதுக்கவில்லை. ஆனால் அவற்றைச் சூழ்ந்த காட்டைத் தலைமுறை தலைமுறையாகப் பேணியவர்கள் மனிதர்கள். எனவே, அந்த நிலம் காக்கப்பட வேண்டும் என்று விரும்புகிற எவரும், அதன் மக்கள் அங்கேயே வாழப் பள்ளியும் வீடும் ரேஞ்சர் வேலைக்கு நிலையான ஊதியமும் வேண்டும் என்று சேர்த்தே கேட்க வேண்டும்.