கல்லாற்றுப் படமும் இரவல் பாட்டும்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நான் மெட்ரிகுலேஷன் வரை பயின்றவன், ரயில்வேயில் எழுத்தர். சட்டம் கற்றவனும் அல்லேன்; இசை வல்லவனும் அல்லேன். எனினும், வீடியோப் படத்திற்கு இசை சேர்ப்பது குறித்துப் பேசுமாறு செயலாளர் பணித்தார். அதற்குக் காரணம் என் அறிவன்று. நான் செய்த ஒரு பிழையே.

நம் காலனிக் குடும்பங்கள் பொன்முடி மலையடிவாரத்திலுள்ள கல்லாற்றுக்குச் சென்று வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். உருண்ட கற்களுக்கிடையே தெளிந்த நீர் ஓடிக்கொண்டிருந்தது. நம் காலனியின் மூத்த பாட்டியார் கரையிலே அமர்ந்து, மடியிலிருந்த கொள்ளுப் பேரனுக்குத் தாலாட்டுப் பாடினார். அதனைக் கைப்பேசியில் படம் பிடித்தேன். வீடு திரும்பியதும், பாட்டியின் நடுங்கும் குரலும் ஆற்றின் இரைச்சலும் படத்திற்கு அழகில்லை என்று எண்ணினேன். அவ்வொலியை நீக்கி, புகழ்பெற்ற திரைப்பாடல் ஒன்றைச் சேர்த்து இணையத்தில் வெளியிட்டேன். கைப்பேசியில் இடமில்லையென்று மூலப் படத்தையும் அழித்துவிட்டேன்.

இரண்டே நாளில், பாட்டின் உரிமையாளர் கோரியபடி ஒலி நிறுத்தப்பட்டது. படம் ஊமையாயிற்று. அடுத்த ஆண்டு பாட்டியார் மறைந்தார். அவருடைய மகன் என்னிடம் வந்து, “தம்பி, அம்மா குரல் உங்களிடம் இருக்குமே?” என்று கேட்டார். நான் தலைகுனிந்து நின்றேன்.

அன்று முதல் இவ்விஷயத்தைக் கேட்டும் படித்தும் அறியத் தொடங்கினேன்.

நம் இளைஞர்கள் ‘ராயல்டி இல்லாத இசை’ என்கிறார்கள். அதன் பொருள் உரிமையாளரே இல்லாத இசை என்பதன்று. ஒவ்வொரு முறை பயன்படுத்தும்போதும் தனித்தனியே தொகை செலுத்த வேண்டியதில்லை என்பதே. சிலர் ஒரு முறை விலை பெறுவர். சிலர் இலவசமாகவே தருவர். ஆயினும் நிபந்தனை உண்டு. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வரும் இசைக்கு, பெரும்பாலும் இயற்றியவர் பெயரைக் குறிப்பிட வேண்டும். வணிகத்திற்கு ஆகாது என்று சிலவற்றில் இருக்கும். மாற்றம் கூடாது என்றிருப்பின், அதனைப் படத்தோடு இணைப்பதும் கூடாது. ஆகவே உரிமத்தை முழுதும் படித்து, நாளிட்டு, ஒரு படி எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது வகை, உரிமைக் காலம் முடிந்தவை. நம் நாட்டுச் சட்டப்படி, இயற்றியவர் மறைந்த பின் 60 ஆண்டுகள் உரிமை நிற்கும். 1846இல் மறைந்த சுவாதித் திருநாள், 1847இல் மறைந்த தியாகராசர் ஆகியோரின் கீர்த்தனைகளை எவரும் பாடலாம். ஆனால் அதே கீர்த்தனையை இன்றைய வித்துவான் பாடிய ஒலிப்பதிவை எடுத்தாளலாகாது. அது வெளிவந்து 60 ஆண்டுகள் வரை அதற்குத் தனி உரிமை உண்டு. பாட்டு வேறு, பதிவு வேறு. இவ்வேறுபாட்டை மறவாதிருங்கள்.

மூன்றாவது வகை, நமக்கென்று வழங்கப்பட்ட செல்வம். பாரதியார் 1921இல் மறைந்தார். அவருடைய பாடல்களை இசைத்தட்டிலும் படத்திலும் பயன்படுத்தும் உரிமை பின்னாளில் ஏ. வி. மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. 1948இல் ‘பில்ஹணன்’ படத்தில் பாரதி பாடல் இடம்பெற்றதால் வழக்கு எழுந்தது. மகாகவியின் பாட்டு ஒருவர் உடைமையாக இருக்கலாமோ என்று தமிழகம் கேட்டது. அவ்வை டி. கே. சண்முகம் முதலானோர் முன்னின்று முயன்றனர். செட்டியாரும் தொகை ஏதும் பெறாது தம் உரிமையை விட்டுக்கொடுத்தார். 1949இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் அரசு பாரதி படைப்புகளை அரசுடைமையாக்கிற்று; 1955இல் அவை மக்களின் பொதுவுடைமையாயின. இன்று நம் பிள்ளைகள் பாரதி பாட்டை யாரையும் கேளாமல் பாடிப் பதிவு செய்யலாம் என்றால், அது தானாக வந்த உரிமையன்று. பலர் போராடிப் பெற்றுத் தந்தது.

அன்பர்களே! இலவசம் என்றதும் எடுத்துக்கொள்ளாதீர்கள். கொடுத்தவர் யார் என்று கேளுங்கள். அதனினும் மேலாக, நம் வீட்டுக் குரலை இழிவென்று எண்ணி, இரவல் பாட்டைத் தேடாதீர்கள். தாலாட்டும் கும்மியும் ஏற்றப்பாட்டும் வழிவழியாக வந்த நம் சொத்து. அவற்றைப் பாடத் தெரிந்த பெரியோர் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர். அவர்கள் பாடும்போது பதிவு செய்யுங்கள். மூலத்தை அழியாது காத்திடுங்கள்.

சென்ற மாதம் பாட்டியாரின் பேத்தி கல்லாற்றங்கரையில் அதே தாலாட்டைப் பாடினாள். ஆற்றின் ஓசையோடு அப்படியே பதிந்திருக்கிறேன். சற்று நேரத்தில் இம்மேடையில் அதனைக் காண்பீர்கள். பாட்டியாரின் குரலுக்கு அது ஈடாகாது. என் குற்றத்திற்குச் சிறு கழுவாயாக ஏற்றருளுங்கள்.