திறமையா? தேவையா?

(நமது பங்கின் பொன்விழாவையொட்டி இளைஞர் மன்றத்தார் நடத்திய பட்டிமன்றத்தில், பங்குத்தந்தை நடுவராக இருந்து வழங்கிய தீர்ப்புரை)

இரு அணிகளாக அமர்ந்து இரண்டு மணி நேரமாக இந்த நடுவரைத் திணற வைத்த தம்பி தங்கையரே!

"குடியேற வருவோரை ஒரு நாடு தேர்ந்தெடுக்க வேண்டியது திறமை பார்த்தா? தேவை பார்த்தா?" என்பது இன்றைய தலைப்பு. பொன்விழா மேடைக்கு இந்தத் தலைப்பு எதற்கு என்று பெரியவர் ஒருவர் கேட்டார். ஐயா, நம் பங்கின் குடும்பப் பதிவேட்டைப் புரட்டிப் பாருங்கள். மகன் டொராண்டோவில், மகள் மெல்போர்னில் என்று எழுதியுள்ள பக்கங்கள் எத்தனை! அந்த நாடுகளின் வாசல் எப்படித் திறக்கிறது, யாருக்கு மூடுகிறது என்பது நம் வீட்டுக் கதைதான்.

முதலில், இரு அணியினரும் ஒத்துக்கொண்ட ஒன்றைச் சொல்லி விடுகிறேன். வருவோரைத் தேர்ந்தெடுக்க ஒரு நாட்டுக்கு உரிமை உண்டு. திருச்சபையும் இதை மறுக்கவில்லை. 1992-ம் ஆண்டு வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் இரு தரப்பார்க்கும் கடமை சொல்லுகிறது. பாதுகாப்பும் பிழைப்பும் தேடி வரும் அந்நியரை, வசதி படைத்த நாடுகள் தம்மால் இயன்ற அளவு வரவேற்கக் கடமைப்பட்டவை. பொது நன்மையை முன்னிட்டு ஆட்சியாளர் அதற்கு நிபந்தனை விதிக்கலாம். வருகிறவரும் அந்த நாட்டின் சட்டத்துக்குக் கீழ்ப்படிந்து, அதன் சுமையில் பங்கு ஏற்க வேண்டும். ஆகவே வாசலே வேண்டாம் என்பது நம் வாதம் அன்று. வாசற்காவலன் கையில் எந்த அளவுகோல் இருக்க வேண்டும் என்பதே வழக்கு.

ஒரு காலத்தில் அந்த அளவுகோல் பிறப்பாக இருந்தது. 1914-ம் ஆண்டு கோமகதா மாரு என்ற கப்பல் 376 இந்தியரோடு கனடாவின் வான்கூவர் துறைமுகம் சேர்ந்தது. அவர்களில் பெரும்பாலோர் சீக்கியர். சொந்த நாட்டிலிருந்து இடையில் எங்கும் நில்லாமல் நேரே வந்திருக்க வேண்டும் என்று கனடாவில் ஒரு விதி இருந்தது. இந்தியாவிலிருந்து அப்படி நேரே வரும் கப்பலே அன்று கிடையாது! இரண்டு மாதம் கடலிலேயே காத்திருந்த அவர்களில் இருபத்து நான்கு பேர் மட்டுமே உள்ளே விடப்பட்டனர். மற்றவர்கள் திருப்பி அனுப்பப்பட்டனர்.

ஆஸ்திரேலியா 1901 முதல் 1958 வரை சொல்லெழுத்துத் தேர்வு நடத்தியது. அதிகாரி வாசிப்பார், வந்தவர் பிழையின்றி எழுத வேண்டும். எந்த மொழியில் என்பது அதிகாரியின் விருப்பம்! 1934-ல் எகோன் கிஷ் என்ற எழுத்தாளர் அங்கே வந்தார். அவர் பல மொழி தெரிந்தவர். அவரை எப்படியாவது தோற்கடிக்க வேண்டுமென்று ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் தேர்வு வைத்தார்கள். அவர் வழக்குத் தொடுத்தார். அந்தத் தேர்வு செல்லாது என்று நாட்டின் உயர் நீதிமன்றமே சொல்லி விட்டது. அமெரிக்காவின் 1924-ம் ஆண்டுச் சட்டமும் எந்த நாட்டில் பிறந்தாய் என்றுதான் கேட்டது. ஆசியருக்குக் கதவு அடைப்பு. நம் மறையைச் சேர்ந்த இத்தாலியரும் போலந்து நாட்டாரும்கூட அதிகம் வரலாகாது என்பது அதன் நோக்கம். அந்த ஒதுக்கீட்டு முறையை நீக்கும் சட்டம் 1965-ல்தான் வந்தது.

இந்தப் பின்னணியில் திறமை அணியின் வாதத்தை எண்ணிப் பாருங்கள். 1967-ல் கனடா மதிப்பெண் முறையைக் கொண்டு வந்தது. மொத்தம் 100. கல்விக்கு 20, வயதுக்கு 10, தொழில் திறனுக்கு 10, ஆங்கிலமும் பிரெஞ்சும் அறிந்திருந்தால் 10, முன்கூட்டியே வேலை உறுதியாகியிருந்தால் 10 என்று வகுத்தார்கள். 50 எடுத்தால் தேர்ச்சி. நிறம், இனம், மதம் பற்றிய கேள்வி இல்லை. எங்கோ ஒரு கிராமத்து ஆசிரியர் பேனாவும் தாளும் எடுத்து, தமக்கு எத்தனை மதிப்பெண் என்று தாமே கூட்டிப் பார்க்கலாம். முகத்தைப் பார்த்து முடிவு செய்த அதிகாரியின் கையை இந்த முறை கட்டிப் போட்டது. அதை மறுக்க எவராலும் முடியாது. திறமை அணியினரே, உங்களுக்குக் கைதட்டல் கிடைத்தது நியாயம்தான்.

ஆனால் தேவை அணியின் கடைசிப் பேச்சாளராக வந்த தங்கை ஒரு கேள்வி கேட்டாள். நம் சூசையப்பர் அந்தப் படிவத்தைப் பூர்த்தி செய்திருந்தால் எத்தனை மதிப்பெண் பெற்றிருப்பார்? நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள். நான் இங்கே உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். தச்சுத் தொழிலுக்கு ஏதோ கிடைக்கும். வயதுக்குக் கொஞ்சம் போடலாம். பட்டம் இல்லை. எகிப்தியர் மொழி தெரிந்தவராகத் தெரியவில்லை. வேலை உறுதிக் கடிதம் இல்லை. நள்ளிரவில் எழுந்து, குழந்தையையும் தாயையும் கூட்டிக்கொண்டு ஓடி வந்தவரிடம் என்ன கடிதம் இருக்கும்? ஏரோதின் வாள் பின்னால் வருகிறது என்பதற்கு அந்தப் படிவத்தில் கட்டமே இல்லை. திருக்குடும்பம் தேறியிருக்காது, அன்பர்களே.

இது வெறும் மேடைச் சாதுரியம் அன்று. 1939-ல் செயின்ட் லூயிஸ் என்ற கப்பல் 937 பேரோடு ஜெர்மனியிலிருந்து புறப்பட்டது. ஏறக்குறைய அனைவரும் யூதர்கள். கியூபா ஒரு சிலரை மட்டும் இறங்க விட்டது. அமெரிக்காவும் கனடாவும் இடம் தரவில்லை. கப்பல் ஐரோப்பாவுக்கே திரும்பியது. அதில் வந்தவர்களில் 254 பேர் பின்னர் நாஜிகளின் கொடுமைக்குப் பலியானார்கள். தொழில் தெரியாததால் அவர்கள் மாளவில்லை. வாசல் திறக்காததால் மாண்டார்கள்.

திறமை அணி சொல்லாமல் விட்ட இன்னொன்றும் உண்டு. ஏழை நாடு தன் வரிப்பணத்தில் ஒரு செவிலியரை உருவாக்குகிறது. பணக்கார நாடு மதிப்பெண் போட்டு அவரை எடுத்துக் கொள்கிறது. போகும் பிள்ளையை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தச் சம்பளத்தில்தான் இங்கே தங்கையின் கலியாணம் நடக்கிறது. ஆனால் செவிலியர் பற்றாக்குறையுள்ள நாடுகளிலிருந்து முனைந்து ஆள் எடுப்பதைத் தவிர்க்க வேண்டுமென்று உலக நலவாழ்வு நிறுவனம் 2010-ல் நெறிமுறை வகுத்தது ஏன் என்று சிந்தியுங்கள். திறமையை மட்டும் பொறுக்கி எடுத்தால், ஒரு வீடு நிறைய மறு வீடு காலியாகிறது.

அப்படியானால் வழி என்ன? மதிப்பெண் முறை கண்ட அதே கனடா இன்னொரு வாசலும் வைத்தது. 1970-களின் இறுதியில் வியட்நாம், கம்போடியா, லாவோஸ் மக்கள் ஓடங்களில் தத்தளித்தபோது, ஐந்து குடிமக்கள் சேர்ந்தோ ஒரு கோவிலோ பொறுப்பேற்றால் ஓர் அகதிக் குடும்பத்தை வரவழைக்கலாம் என்றது. ஓராண்டு வீடு, உணவு, உடை அவர்கள் பொறுப்பு. 1979, 1980 ஆகிய இரண்டே ஆண்டுகளில் ஏறத்தாழ 60,000 பேர் வந்தனர். அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களைத் தாங்கியவர்கள் சாதாரண மக்களும் பங்குகளும்! நம்மைப் போன்ற பங்குகள், அன்பர்களே. 1986-ல் ஐக்கிய நாடுகளின் அகதிகள் ஆணையம் தன் நான்சன் பதக்கத்தைக் கனடா நாட்டு மக்களுக்கே வழங்கியது. அதே ஆண்டு ஆகஸ்ட் மாதம் நியூபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு படகுகளில் தவித்த 150-க்கும் மேற்பட்ட ஈழத் தமிழரை அந்நாட்டு மீனவர் கரை சேர்த்தனர். அரசும் அவர்களைத் தங்க விட்டது. அந்தத் தமிழருக்கு அன்று யாரும் மதிப்பெண் போடவில்லை.

ஆகவே என் தீர்ப்பு இது. வேலைக்கென வருவோரின் வாசலில் திறமை கேட்பது தவறன்று. அளவுகோல் முன்கூட்டியே அறிவிக்கப்பட்டு, எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். பிறப்பை அளக்கக் கூடாது. உயிருக்கு அஞ்சி ஓடி வருவோருக்குத் தனி வாசல் வேண்டும். அங்கே கேட்க வேண்டிய கேள்வி, "உனக்கு நேர்ந்தது என்ன?" என்பது ஒன்றே. இரண்டில் ஒன்றைத்தான் திறக்க இயலும் என்ற நெருக்கடி வந்தால், இரண்டாவது வாசலே முதலில் திறக்கப்பட வேண்டும். தேவை அணி வென்றது!

கைதட்டுவதற்கு முன் ஒரு நிமிடம். இதுவரை அயல் நாட்டு வாசலைப் பற்றியே பேசினோம். நமக்கும் ஒரு வாசல் உண்டு. 1983 முதல் மண்டபம் கரையில் வந்து இறங்கிய ஈழத்துச் சகோதரர்கள் இன்றும் ஆயிரக்கணக்கில் நம் மாநிலத்து முகாம்களில் இருக்கிறார்கள். முகாமின் பெயர் 2021-ல் 'மறுவாழ்வு முகாம்' என்று மாறியது. வீடுகளும் கட்டித் தரப்படுகின்றன. அது நல்ல காரியம். ஆனால் அங்கேயே பிறந்து, இங்கேயே பட்டம் பெற்றும் குடியுரிமை இல்லாத பிள்ளைகள் உண்டு. 2019-ம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டம் மூன்று நாடுகளையும் ஆறு மதங்களையும் குறிப்பிடுகிறது. அதில் கிறிஸ்தவர் பெயர் இருக்கிறது. இலங்கையின் பெயர் இல்லை. இஸ்லாமியர் பெயரும் இல்லை. நம் பெயர் இருக்கிறதே என்று நாம் மகிழ்ந்து இருந்து விடலாமா? பிறப்பையும் மதத்தையும் அளக்கும் கோல் வான்கூவரில் தவறு என்றால், இங்கும் தவறுதான். இறுதி நாளில் ஆண்டவர், "அந்நியனாய் இருந்தேன், என்னை ஏற்றுக்கொண்டாயா?" என்று கேட்கும்போது, எந்த நாட்டு அந்நியன் என்று நாம் திருப்பிக் கேட்க முடியாது.

பொன்விழா ஆண்டில் கோபுரத்துக்கு வர்ணம் பூசினோம், நல்லது. அருகிலுள்ள முகாமின் பிள்ளைகளில் இருவரது கல்லூரிப் படிப்பை இந்தப் பங்கு ஏற்குமானால், நம் விழா இன்னும் நிறைவு பெறும். வின்சென்ட் தே பவுல் சபையாரும் இளைஞர் மன்றத்தாரும் வருகிற ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின் என்னை வந்து பாருங்கள். வாதாடிய இரு அணியும் சேர்ந்தே வர வேண்டும் என்பதும் தீர்ப்பில் அடக்கம்!

எகிப்தில் அடைக்கலம் தேடிய திருக்குடும்பம் நம் குடும்பங்களுக்காகப் பரிந்து பேசுவதாக.