ஒரே தண்டவாளம், பல கைகள்

சிங்கப்பூருக்குப் போகும் நம்மவர்கள் தவறாமல் எட்டிப் பார்க்கும் இடம் லிட்டில் இந்தியா. அங்கே தேக்கா சந்தைக்கு அருகில், பூமிக்கடியில் ஒரு ரயில் நிலையம் இருக்கிறது. 2003ஆம் ஆண்டு ஜூன் 20ஆம் நாள் வடகிழக்குப் பாதையோடு அது திறக்கப்பட்டது. 2015 டிசம்பர் 27 முதல் டவுன்டவுன் பாதையும் அங்கே வந்து சேருகிறது. இந்த இரண்டு பாதைகளிலும் ரயிலை ஓட்டுவது கணினிதான், ஓட்டுநர் இல்லை. அப்படியானால் ஒன்றோடொன்று மோதாமல் அவை ஓடுவது எப்படி?

ரயில்வேயின் பழைய விதி எளிமையானது. பாதையைப் பல பகுதிகளாகப் பிரித்துக்கொள்வார்கள். ஒரு பகுதியில் ஒரு ரயில்தான் இருக்கலாம். அது வெளியேறும்வரை பின்னால் வருவதற்குச் சிவப்பு விளக்கு. இன்றைய புதிய முறையில், முன்னால் போகும் ரயில் எங்கே இருக்கிறது என்பதைக் கணினி இடைவிடாமல் கணக்கிட்டு, பின்னால் வருவதன் வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது. கணக்குப் பிழைத்தால் ஆபத்து. 2017 நவம்பர் 15ஆம் நாள், சிங்கப்பூரின் ஜூ கூன் நிலையத்தில் நின்ற ஆறு பெட்டி ரயிலை மூன்று பெட்டி என்று சமிக்ஞை முறை தவறாகக் கொண்டது. பின்னால் வந்த ரயில் மோதி, முப்பதுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர்.

இந்த நுட்பத்தைப் பிள்ளைகள் விளையாட்டாகவே கற்றுக்கொள்ள முடியும். 1994இல் ஸ்காட்லாந்துக்காரரான கிறிஸ் சாயர் 'டிரான்ஸ்போர்ட் டைக்கூன்' என்ற கணினி விளையாட்டை உருவாக்கினார். அதைத் தழுவி, 2004 முதல் ஆர்வலர்கள் 'ஓப்பன் டி.டி.டி.' என்ற விளையாட்டை இலவசமாக வளர்த்து வருகிறார்கள். தண்டவாளம் போட்டு, நிலையம் கட்டி, ரயில் விட்டு, சரக்கும் பயணிகளும் ஏற்ற வேண்டும். அதில் வெப்பநாட்டு வரைபடம் ஒன்று உண்டு. அங்கே ரப்பர்த் தோட்டமும் இருக்கிறது! ரப்பரைத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோனால் வருமானம்; தாமதமானால் வருமானம் குறையும். வெட்டிய பால் உறைவதற்குள் கொட்டகைக்குச் சேர்க்க ஓடிய நம் பெரியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இதன் சிறப்பு, வெவ்வேறு ஊர்களில் இருப்பவர்கள் இணையத்தின் வழியே ஒரே நிறுவனமாகச் சேர்ந்து விளையாடலாம் என்பதுதான். ஒருவர் நிலையம் கட்டுவார். ஒருவர் பாலம் போடுவார். மற்றொருவர் சமிக்ஞை வைப்பார். பொதுவான முதன்மைப் பாதையில் ஒருவர் தவறான இடத்தில் ஒரு சமிக்ஞையை வைத்துவிட்டால் போதும். பின்னால் வரும் அத்தனை ரயிலும் வரிசையாக நின்றுவிடும். யாருடைய ரயில் என்று பார்த்தா அடைப்பு ஏற்படுகிறது? ஆகவே சேர்ந்து ஆடுவோர் முதலில் பேசி முடிவு செய்கிறார்கள்: ரயில் இடப்பக்கமா, வலப்பக்கமா? ரயில்கள் எத்தனை பெட்டி நீளம்? முதன்மைப் பாதையில் கை வைப்பதற்கு முன் மற்றவர்களைக் கேட்க வேண்டும். புதிய கிளைப்பாதையில் முதலில் ஒரே ஒரு ரயிலை விட்டுச் சோதிக்க வேண்டும்.

பெற்றோர்களே, பிள்ளை கணினியே கதியென்று கிடந்தால் கண்டிக்க வேண்டியதுதான். வீட்டுப்பாடமும் உறக்கமும் முதலில். விளையாட்டுக்கு நேர அளவு வேண்டும். முன்பின் தெரியாதவர்களிடம் வீட்டு முகவரியோ பள்ளியின் பெயரோ சொல்லக் கூடாது. ஆனால் கண்டிப்பதற்கு முன், "நீ கட்டிய பாதையை எனக்குக் காட்டு" என்று ஒரு முறை கேளுங்கள். விளக்கிச் சொல்லத் தெரிந்த பிள்ளை, ஏதோ கற்றிருக்கிறது என்று பொருள்.

வீட்டில் கணினி இல்லையா? கவலை வேண்டாம். வாசலில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு வட்டப் பாதை வரையுங்கள். அதை ஆறு பகுதிகளாகப் பிரியுங்கள். நான்கு தீப்பெட்டிகள்தான் ரயில்கள். நான்கு பிள்ளைகள் ஓட்டட்டும். ஒரு பகுதிக்கு ஒரு பெட்டி என்பதே சட்டம். பிறகு அதே பாதையில் ஆறு பெட்டிகளை வைத்துப் பாருங்கள். எல்லாம் நின்றுவிடும், ஏனென்றால் நகர இடமே இல்லை. எத்தனை ரயில் விட்டால் பாதை நன்றாக ஓடும் என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். சிங்கப்பூரின் பொறியாளர்கள் போடும் கணக்கின் முதல் வரி அதுதான்.