தூக்கும் தூக்குவோரும்
(சாத்தூரில் கூடிய இளைஞர் கூட்டத்திற் செய்த சொற்பொழிவு)



எடை தூக்கும் பந்தயத்தைப் பற்றிப் பேசத் தமிழாசிரியர்க்கு என்ன உரிமை என்று உங்களிற் சிலர் புன்முறுவல் செய்வது எமக்குத் தெரிகின்றது. உரிமை உண்டு. ‘தூக்கு’ என்னுஞ் சொல் நம் மொழியில் மேலெடுத்தலைக் குறிக்கும், நிறுத்தலைக் குறிக்கும், ஆராய்தலையுங் குறிக்கும். யாப்பில் அதற்குப் பிறிதொரு பொருளும் உளது. அதனை வகுப்பறைக்கு ஒதுக்கிவிடுவோம். முன் சொன்ன மூன்று பொருளும் ஒருங்கே நிகழுமிடம் யாதென வினவின், அஃது இப்பந்தயக் களமே என்போம்.

களத்தின் முறை இது. நான்கு மீட்டர் சதுரமான மேடை. அதன்மேல் இருபது கிலோ நிறையுள்ள இரும்புத் தண்டு. இருபுறமும் வட்டத் தகடுகள். வீரர்கள் தத்தம் உடல் நிறையின்படி வகுக்கப்படுவர். தூக்கும் வகை இரண்டு. தரையினின்றும் ஒரே வீச்சில் தலைக்குமேல் ஏற்றுவது முதல்வகை. முதலில் தோளிற்கு ஏற்றி, நிமிர்ந்து நின்று, பின்னர்த் தலைக்குமேல் உந்துவது இரண்டாம் வகை. ஒவ்வொன்றிற்கும் மூன்று முயற்சி. ஒவ்வொன்றிலும் மிக்கதைக் கூட்டி வருவதே ஒருவருடைய தொகை. எத்துணை எடை ஏற்றச் சொல்வது என்பதை வீரரும் ஆசிரியருமே முன்னர் அறிவித்தல் வேண்டும். ஒருமுறை ஏற்றிய எடை பின் இறக்கப்படமாட்டாது. மிகுத்துக் கேட்டு மூன்று முறையும் தவறினால் அவ்வகையில் யாதும் இல்லை. குறைத்துக் கேட்டால் பிறர் முந்துவர். தூக்குவதன் முன் தூக்கிப் பார்த்தல் என்பது இதுவேயன்றோ?

நம் கரிசற்காட்டு ஊர்களிற் பெரியோர்கள் இளவட்டக்கல்லை மறந்திரார்கள். உருண்டு வழுவழுப்பான அக்கல்லை முழங்காலுக்கும், மார்பிற்கும், தோளிற்கும் படிப்படியாக ஏற்றிப் பின்புறம் எறிந்தவனுக்கே பெண் கொடுப்பர் என்று சொல்லும் வழக்கு நம் தென்பாண்டிச் சீமையெங்கும் உண்டு. இன்று பல ஊர்களில் அக்கல் பாதி மண்ணிற் புதைந்து கிடக்கின்றது. மாப்பிள்ளைமார் அதன்மேல் அமர்ந்து படமெடுத்துக் கொள்கின்றனர்!

இனி, தமிழ்நாட்டார் உலக மேடையில் தூக்கிய வரலாற்றுக்கு வருவோம். காமன்வெல்த் விளையாட்டுப் போட்டியில் எடை தூக்குதல் 1950ஆம் ஆண்டு ஆக்லாந்து நகரிற் சேர்க்கப்பட்டது. 1978இல் கனடா நாட்டு எட்மண்டன் நகரில் நம் நாட்டுக் கருணாகரன் 52 கிலோ வகுப்பிற் பொன்னும், தமிழ்ச்செல்வன் 56 கிலோ வகுப்பில் வெள்ளியும் பெற்றனர். இவ்விருவர் பெயரையும் இக்கூட்டத்தில் அறிந்தவர் எத்தனை பேர்? கை உயர்த்தச் சொல்லி யாம் உங்களை வருத்த விரும்புகிலோம்.

வேலூரைச் சார்ந்த சத்துவாச்சாரியிற் பிறந்தவர் சதீஷ் சிவலிங்கம். அவர் தந்தையார் படையிற் பணிபுரிந்தவர். தாமும் எடை தூக்கியவர். படையினின்று விலகிய பின் வேலூரில் ஒரு பல்கலைக்கழகத்திற் காவற்பணி ஏற்றவர். 2014ஆம் ஆண்டு ஸ்காட்லாந்து நாட்டுக் கிளாஸ்கோ நகரில் 77 கிலோ வகுப்பில், தம் இருபத்திரண்டாம் அகவையில், சதீஷ் முதல்வகையில் 149 கிலோவும் இரண்டாம் வகையில் 179 கிலோவும், ஆக 328 கிலோ தூக்கிப் பொன் வென்றார். ஒடிசா மாநிலத்து ரவிக்குமார் 317 கிலோவுக்கு வெள்ளி பெற்றார். அடுத்த ஆண்டில் சதீஷுக்கு அருச்சுனா விருது கிடைத்தது. 2016இல் பிரேசிலில் நிகழ்ந்த ஒலிம்பிக் போட்டியில் 329 கிலோ தூக்கினார். முன்னினும் ஒரு கிலோ மிகுதி. ஆயினும் கிட்டியது பதினோராம் இடமே. களத்திற்குக் களம் எதிர்நிற்போர் வேறு.

அதன்பின் நிகழ்ந்ததே எம் உள்ளத்தைப் பிணிப்பது. தேசியப் போட்டியொன்றில் 194 கிலோவை முயன்றபோது அவர் தொடையிற் காயமுற்றார். நோவு தீராமலே 2018இல் ஆஸ்திரேலிய நாட்டுக் கோல்ட்கோஸ்ட் நகருக்குச் சென்றார். பதக்கம் கிட்டும் என்னும் நம்பிக்கை தமக்கு இல்லாதிருந்ததென்று அவரே பின்னர்க் கூறினார். முதல்வகையில் அவர் தூக்கியது 144; இங்கிலாந்து வீரர் ஜாக் ஆலிவர் தூக்கியது 145. ஒரு கிலோ பின்தங்கினார். இரண்டாம் வகையில் ஆலிவர் 167 தூக்கியபின், 171ஐ இருமுறை முயன்றும் ஏற்றமாட்டாராயினார். சதீஷ் 173 தூக்கினார். எஞ்சிய ஒரு முயற்சியைத் தொடாமலே விடுத்தார், தொகை 317, பொன் அவர்க்கே. நான்காண்டிற்கு முன் இரவிக்குமார் தூக்கி வெள்ளி பெற்றாரே, அதே 317! எண் ஒன்று, பதக்கம் இரண்டு. எம் மாணாக்கர் மதிப்பெண் தாளை ஏந்திக்கொண்டு கண்ணீர் விடும்போதெல்லாம் இவ்வெண் எம் நினைவிற்கு வருவதுண்டு.

அற்றேல், நம்மூர்ப் பிள்ளைகளும் உடனே இரும்பைப் பற்றுக என்று கூறி அமர்ந்துவிடலாமோ? ஆகாது. எம் வகுப்பிற் பயின்ற ஒரு மாணவன், சுமை தூக்கும் தொழிலாளியின் மகன், தோள் திரண்டவன். பந்தயத்திற்குப் பழகு என்று யாம் அவனைத் தூண்டினோம். மறுநாள் அவன் தந்தையார் வந்தார். “ஐயா, இவன் மூட்டை தூக்கக் கூடாதென்றுதானே நான் முப்பது வருஷமாக மூட்டை தூக்குகிறேன்! பள்ளிக்கூடத்திலும் தூக்கவா சொல்லுகிறீர்கள்?” என்றார். தலையிலிருந்த சும்மாட்டை அவிழ்த்துக் கையிற் பிடித்தபடி நின்றார். அவர் முதுகு வளைந்திருந்தது.

அவர் கூறியதில் உண்மை உண்டு. பேட்டைகளிலும் பஞ்சுக் கிடங்குகளிலும் பிறர் கணக்கிற்காக நூறு கிலோ மூட்டையை நாள்தோறும் சுமப்பவனுடைய எலும்பு தேய்கின்றது. அவன் பெயர் எப்பட்டியலிலும் ஏறுவதில்லை. உழைப்பை இழிவென்று கருதும் நம்மவர் சிலர் அவனைப் பெயர் சொல்லியும் அழைப்பதில்லை. அவன் மகன் எடையை வெறுப்பானாயின் அது யார் குற்றம்? ஆயினும் வேற்றுமை பெரிது. மூட்டை நாள் முழுதும் முதுகை அழுத்துவது. பந்தயத் தண்டு சில நொடிகள் தலைக்குமேல் நின்று தரைக்குத் திரும்புவது. அதற்குரிய வலிமை காலிலும் இடுப்பிலும் உளது. முதுகை நேர்நிறுத்திக் காலால் எழுதலே முதற்பாடம். அப்பாடத்தை அத்தந்தையார்க்கு இளமையில் ஒருவர் கற்பித்திருப்பின் அவர் முதுகும் ஓரளவு தப்பியிருக்கும். சதீஷுக்கு இத்திறம் இரயில்வேயில் ஒரு வேலையையும் தந்தது என்பதையும் அவரிடத்துக் கூறினோம். அவர் நெடுநேரம் பேசாதிருந்து, “யார் கற்றுக்கொடுப்பார்?” என்று மட்டும் வினவினார்.

இவ்வினாவே யாம் உங்கள்முன் கொண்டுவந்தது. கற்பிப்பாரின்றித் தூக்கினால் முதுகு முறியும். பேராசை மிக்கால் மருந்து தேடும். 2012ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் 94 கிலோ வகுப்பின் கதையைக் கேண்மின்: பல்லாண்டு கழித்து மறுசோதனை செய்தபோது முன்னணியினர் பலர் ஊக்க மருந்து உண்டமை வெளிப்பட்டு நீக்கப்பட்டனர். ஐந்தாம் இடத்து ஈரானியர் முதலிடத்திற்கும், எட்டாம் இடத்துக் கொரியர் இரண்டாம் இடத்திற்கும் ஏறினர். நம் நாட்டுச் சங்கமும் இக்குற்றத்தால் 2006இல் ஓராண்டு தடையுற்றது. ஆதலின் கடைகளில் விற்கும் பொடிகளை வாங்கி உண்டு உடம்பை வளர்க்கும் இளைஞர்காள், உங்களை யாம் பெயர் சொல்லாது விடுகின்றோம்!

வேண்டுவது பெரிதன்று. ஒரு தண்டு, தகடுகள், மரப்பலகை வேய்ந்த மேடை, வாரம் மூன்று மாலை வந்து கற்பிக்கும் தேர்ந்த ஆசிரியர் ஒருவர். இம்மண்டபத்தின் பின்னுள்ள கொட்டகையில் முறிந்த பந்தற்கால்களும் கிழிந்த பாய்களும் அடைந்து கிடக்கின்றன. அவற்றை அகற்றினால் நான்கு மீட்டர் சதுரம் தாராளமாகக் கிடைக்கும். யாமே அடியெடுத்து அளந்து பார்த்தோம். எச்சாதியார் பிள்ளையாயினும் வரலாம் என்னும் முறையோடு அக்கொட்டகையைத் திறந்துவிடும்படி சங்கத்தாரைக் கேட்டுக்கொள்கின்றோம். அதன் திறவுகோல் நம் செயலாளர் அவர்களிடத்தில் இருப்பதாகத் தெரிகின்றது.