முழுக்கதையையும் கேட்டவர்



மாற்கு நற்செய்தி 5ஆம் பிரிவில் வரும் அந்தப் பெண்ணை உங்களுக்குத் தெரியும். 12 ஆண்டுகளாக இரத்தப்போக்கினால் வருந்தியவர். அவர் ஆண்டவரின் மேலுடையைத் தொட்டு நலம் பெற்றதைப் பற்றி நிறையக் கேட்டிருக்கிறோம். அதற்கு முன்னால் வரும் செய்தியை அவசரமாகக் கடந்துவிடுகிறோம். அவர் பல மருத்துவர்களிடம் போனார், துன்பப்பட்டார், கையிருப்பு எல்லாம் கரைந்தது, நோய் கூடியதே தவிரக் குறையவில்லை என்று மாற்கு ஒளிக்காமல் எழுதுகிறார். லூக்காவும் இதே நிகழ்ச்சியைச் சொல்கிறார். ஆனால் நோய் கூடியதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார். லூக்கா ஒரு மருத்துவர் என்பது நம் மரபு. தொழில் பாசமாக இருக்கலாம்!

சில ஆண்டுகளுக்கு முன், ஓர் அம்மா மஞ்சள் பையோடு பங்கு இல்லத்துக்கு வந்தார். பை நிறைய மருத்துவர்களின் சீட்டுகள். மகனுக்கு 19 வயதில் தொடங்கிய நோய். முதலில் பார்த்தவர் மனச்சோர்வு என்று மாத்திரை கொடுத்தார். சில வாரங்களில் பையன் தூங்குவதை நிறுத்தினான். இரவெல்லாம் பேச்சு, பெரிய பெரிய திட்டங்கள், ஊரெல்லாம் கடன். அடுத்த மருத்துவர் வேறு பெயர் சொன்னார். பிறகு குடியும் சேர்ந்துகொண்டது. மறுவாழ்வு மையத்தில், "மனநோய்க்கு முதலில் பாருங்கள்" என்றார்கள். மனநல மருத்துவமனையில், "குடியை நிறுத்திவிட்டு வாருங்கள்" என்றார்கள். இரண்டு வாசலுக்கும் நடுவே நின்றுதான் என்னிடம் வந்திருந்தார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நவநாள் செய்யுங்கள், அம்மா."

"செஞ்சாச்சு சாமி. ரெண்டு தடவை."

குருமடத்தில் இறையியல் படித்தவன் நான். அந்த அம்மாவுக்குச் சொல்ல என்னிடம் அடுத்த வாக்கியம் இல்லை. செபம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சீராக்கின் ஞானம் 38ஆம் பிரிவு, ஆண்டவரிடம் மன்றாடச் சொன்ன கையோடு மருத்துவருக்கும் இடம் கொடுக்கச் சொல்கிறது. நான் அன்று செபத்தைச் சொன்னது அவரைச் சீக்கிரம் அனுப்பிவைக்கத்தான். அதுதான் என் குற்றம்.

மீண்டும் அந்த நற்செய்திக்கு வருகிறேன். யாயீரின் மகள் சாகக் கிடக்கிறாள், கூட்டம் நெருக்குகிறது. அந்த நேரத்தில் இயேசு நின்று, தொட்டது யார் என்று கேட்கிறார். அந்தப் பெண் நடுங்கிக்கொண்டே உண்மை முழுவதையும் சொல்கிறார். இயேசு கேட்டுக்கொண்டு நிற்கிறார். உடல் ஏற்கெனவே நலமாகிவிட்டதே, ஏன் நிற்க வேண்டும்? 12 ஆண்டுகளில் அந்தக் கதையை முழுதாகக் கேட்டவர் யாரும் இல்லை என்றே நினைக்கிறேன்.

மனநோயில் கதை கேட்பது ஆறுதலுக்காக மட்டும் அல்ல, மருத்துவமே அதில்தான் இருக்கிறது. சர்க்கரை நோய்க்கு இரத்தம் எடுத்துப் பார்த்துச் சொல்லிவிடலாம். இதற்கு அப்படி ஒரு சோதனை இல்லை. எப்போது தொடங்கியது, எந்த மாத்திரைக்குப் பின் என்ன ஆனது, எத்தனை நாள் தூங்கவில்லை, வீட்டில் வேறு யாருக்கு இருந்தது என்பதை வைத்துத்தான் மருத்துவர் முடிவு செய்கிறார். வெளிநோயாளிகள் பிரிவில், நூறு பேர் காத்திருக்கும் வரிசையில், இதையெல்லாம் யார் கேட்பது, யார் சொல்வது? அந்த அம்மா ஒவ்வோர் இடத்திலும் கடைசி ஒரு மாதத்தை மட்டும் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

நம் வின்சென்ட் தே பவுல் சபையில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர். அவரும் நானும் இரண்டு மாலை உட்கார்ந்து சீட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கினோம். அம்மா சொல்லச் சொல்ல ஆசிரியர் நோட்டில் எழுதினார். அரசு மருத்துவமனையில் ஓர் இளம் மருத்துவர் அதை நின்றபடியே படிக்கத் தொடங்கினார், பிறகு உட்கார்ந்தார். முதல் மாத்திரைக்குப் பின் தூக்கம் போன பக்கத்தில் விரலை வைத்தார். இருமுனை மனநோய் என்றார். இது பலருக்கு முதலில் மனச்சோர்வாகவே தலைகாட்டுமாம்; அதற்கு மட்டும் மருந்து கொடுத்தால் சிலருக்கு மனம் மறுகோடிக்குத் தாவிவிடுமாம். குடியையும் இதையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்றார். லித்தியம் தொடங்கினார்கள். அதன் அளவு கூடினால் நஞ்சு, குறைந்தால் பயனில்லை. அதனால் அவ்வப்போது இரத்தப் பரிசோதனை உண்டு.

எல்லாம் சரியாகிவிட்டதா என்று கேட்பீர்கள். இல்லை. ஒரு வருடம் வேலைக்குப் போனான். நலமாகிவிட்டேன் என்று தானாகவே மாத்திரையை நிறுத்தினான், மீண்டும் படுக்கை. இப்போது மறுபடி சாப்பிடுகிறான். நோட்டு இரண்டாவது ஆகிவிட்டது.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் உங்களில் சிலர், இன்னொரு மருத்துவரிடம் போவது முந்தையவருக்குச் செய்யும் துரோகம் என்றோ, விசுவாசக் குறைவு என்றோ தயங்கலாம். தயங்க வேண்டாம். ஆனால் பழைய சீட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள், மருந்தைத் திடீரென்று நிறுத்தாதீர்கள். இரவில் தாங்க முடியாமல் போனால் 14416 என்ற எண்ணுக்கு அழையுங்கள்; அரசின் டெலி மானஸ் சேவை, கட்டணமில்லை, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.

நம் பங்கில் ஞாயிறு இரண்டாம் திருப்பலிக்குப் பின் ஆசிரியர் பங்கு இல்லத்தில் இருப்பார். பையோடு வாருங்கள். நோட்டு நாங்கள் வாங்கி வைத்திருக்கிறோம்.