தூணுக்குள் இருப்பதை யார் பார்ப்பது?

(செவிலிமேட்டில் நெசவாளர்களும் கட்டிடத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று நாம் இஞ்சினீயர்களின் கஷ்டத்தைப் பற்றிப் பேசப் போகிறோம். "சட்டை கசங்காமல் வந்து போகிறவருக்கு என்ன கஷ்டம்? அதற்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" என்று பின்வரிசையில் ஒரு தோழர் கேட்பது காதில் விழுகிறது. சம்பந்தம் இருக்கிறது. அவர் போடுகிற கணக்குக்கு அடியில் நிற்பது நாம். கணக்கே தப்பினாலும், கணக்கு சரியாக இருந்து வேலை தப்பினாலும், கட்டிடம் விழுவது நம் தலையில்தான்.

2014 ஜூன் 28, சனிக்கிழமை. நம் காஞ்சிபுரம் மாவட்டத்து மவுலிவாக்கம். மாலை நேரம், இடியும் மழையும். கட்டுமான வேலை நடந்துகொண்டிருந்த 11 மாடிக் கட்டிடம் மாடிமேல் மாடியாக அமுங்கி உட்கார்ந்துவிட்டது. 61 பேர் மாண்டார்கள். 27 பேரை இடிபாட்டுக்குள்ளிருந்து உயிரோடு மீட்டார்கள். மாண்டவர்களில் மிகப் பெரும்பாலோர் கட்டிடத் தொழிலாளர்கள். ஆந்திராவிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் நம் தமிழ்க் கிராமங்களிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள்.

இடி விழுந்ததால்தான் கட்டிடம் விழுந்தது என்று ஒரு பேச்சு கிளம்பியது. இடியின் மேல் பழி போட்டால் இடி கோர்ட்டுக்கு வந்து மறுக்கவா போகிறது? நீதிபதி ரகுபதியை வைத்துச் சர்க்கார் விசாரணைக் கமிஷன் அமைத்தது. கட்டமைப்பிலேயே குறை இருந்தது என்று கமிஷன் கண்டது. ஜோடியாக நின்ற இன்னொரு 11 மாடிக் கட்டிடத்தை 2016 நவம்பர் 2-ந் தேதி வெடிவைத்துத் தகர்த்தார்கள்.

விழுந்த கட்டிடம் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் அனுமதி பெற்றது. அனுமதி என்றால் என்ன? எத்தனை மாடி, எவ்வளவு உயரம், சுற்றிலும் எவ்வளவு இடம் விட்டிருக்கிறது என்று அந்த ஆபீஸ் பார்க்கும். தூண் தாங்குமா என்ற கேள்விக்குக் கட்டமைப்பு இஞ்சினீயர் தருகிற கையெழுத்தே பதில். 61 உயிரும் ஒரு கையெழுத்தை நம்பி நின்றன. அந்தக் கையெழுத்தை எந்த நிலைமையில் போடுகிறார்கள் என்பதுதான் இன்றைய விஷயம்.

சின்னக் கணக்கு ஒன்று பார்ப்போம். பத்தடிக்குப் பத்தடி அறை, மேலே ஐந்து அங்குலக் கான்கிரீட் தளம். அந்தத் தளம் மட்டுமே ஏறத்தாழ 3 டன். சுவரும் பூச்சும் கட்டிலும் பீரோவும் ஆட்களும் தனி. பதினொரு தளம் அடுக்கினால் வெறும் தளத்தின் பளுவே 32 டன். இவ்வளவையும் வாங்கி மண்ணுக்கு இறக்குவது தூண். நல்லபடி கம்பி போட்ட தளம் பலவீனப்பட்டால், தொய்ந்து, விரிந்து, கொஞ்ச நாள் எச்சரிக்கை கொடுக்கும். தூண் அப்படியல்ல. பளு மீறினால் சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும். அதன் மேலுள்ள எல்லாம் கூடவே வரும்.

பட்டு நெய்கிறவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். தூணில் நெட்டாக நிற்கிற கம்பி பாவு. குறுக்கே சுற்றிக் கட்டுகிற ரிங்கு ஊடை. நெட்டுக்கம்பி பளுவில் வெளியே பிதுங்காதபடி பிடித்து வைப்பது ரிங்கு. வரைபடத்தில் ஆறு அங்குலத்துக்கு ஒன்று என்று இருக்கும். சைட்டில் ஒரு அடிக்கு ஒன்று கட்டச் சொல்வார்கள். கம்பி மிச்சம், கூலி மிச்சம். சேலையில் குறை இருந்தால் விரித்துப் பார்த்துவிடலாம். சரிகையில் சந்தேகம் வந்தால் சோதித்துப் பார்க்கலாம். கான்கிரீட் ஊற்றி மூடிய தூணை எப்படி விரித்துப் பார்ப்பது? அதனால்தான் ஊற்றுவதற்கு முன்னால் இஞ்சினீயர் பார்த்தாக வேண்டும் என்கிறார்கள்.

அந்த "முன்னால்" எப்படி நடக்கிறது? நாம் நேரில் கண்ட ஒரு வேலை. ஊரும் பேரும் வேண்டாம். காலை எட்டு மணிக்குத் தளம் போட ஏற்பாடு. எட்டரைக்கு இஞ்சினீயர் வருகிறார். கீழே இரண்டு கான்கிரீட் லாரிகள் உருளையைச் சுழற்றிக்கொண்டு நிற்கின்றன. இருபது ஆட்கள் தலையில் துண்டு கட்டித் தயார். மேலே ஏறிப் பார்த்தால், பீமின் முனையில் மேல்கம்பி இரண்டு குறைகிறது. கம்பிக்கு அடியில் கவர் கட்டைக்குப் பதில் ஜல்லித் துண்டு. "நிறுத்து" என்று சொல்ல வேண்டியதுதானே என்பீர்கள். லாரியில் இருப்பது இரண்டு மணி நேரத்துக்குள் இறக்க வேண்டிய சரக்கு. நிறுத்தினால் அத்தனையும் பாழ், இருபது பேர் கூலியும் போகும், முதலாளி போனில் கத்துவார், அடுத்த வேலை வேறு இஞ்சினீயருக்குப் போய்விடும். அந்த மனிதர் லாரியைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், "போடுங்கள்" என்றார்.

அவரைத் திட்டுவது எளிது. அவருக்குப் பணம் கொடுப்பது யார்? அவர் யாரைச் சோதிக்க வேண்டுமோ அதே முதலாளி! ஏரித் தண்ணீரைப் பங்கிட ஊர் வைக்கிற நீர்க்கட்டி ஒரு மிராசுதாரிடம் மட்டும் கூலி வாங்கினால், கடைமடைக்குத் தண்ணீர் வருமா? கம்பியைக் குறைத்துக் கொடுப்பவர் கெட்டிக்கார இஞ்சினீயர். "இது தாங்காது" என்பவர் வேலை தெரியாதவர். இதுதான் இந்தத் தொழிலின் சந்தை நிலவரம். பல இடங்களில் மண் பரிசோதனையைக்கூடப் பக்கத்து மனையின் ரிப்போர்ட்டைப் பார்த்து எழுதிவிடுகிறார்கள். ஏரிக்கரை மண்ணும் மேட்டு மண்ணும் ஒன்றா? ஏர் பிடித்தவர்களுக்குத் தெரியாததா இது!

பரீட்சைக் கட்டி என்று ஒன்று உண்டு. கலவையை எடுத்து 15 சென்டிமீட்டர் கட்டியாக வார்த்து, 28-வது நாள் மெஷினில் வைத்து நசுக்கி வலுவைப் பார்ப்பார்கள். அந்தக் கட்டிக்கு மட்டும் ஒரு சட்டி சிமெண்டு கூடுதலாகச் சேர்க்கிற கைங்கரியம் நடக்கிறது. கட்டி தேறிவிடும். தூண் பரீட்சையே எழுதவில்லை. நேர்மையாக வார்த்த கட்டி தோற்றாலும் என்ன செய்வது? ரிசல்ட் வருவதற்குள் மேலே இன்னொரு தளம் ஏறியிருக்கும்.

பெரிய கட்டிடத்தில்தான் இந்தத் தொல்லை என்று நினைக்க வேண்டாம். நம் செவிலிமேட்டிலும் காஞ்சிபுரத்துத் தெருக்களிலும் ஓட்டு வீட்டைப் பிரித்து, பழைய சுவரின் மேலேயே தளம் போட்டு, வாடகைக்கு மாடியும் எழுப்ப ஆசைப்படுகிறோம். ஆசையில் தப்பில்லை, தறிக்கூலி போதாதவனுக்கு வாடகை ஒரு கை கொடுக்கும். "தாங்குமா சார்?" என்று இஞ்சினீயரைக் கேட்கிறோம். பழைய வீட்டுக்கு வரைபடம் கிடையாது. அஸ்திவாரம் எவ்வளவு ஆழம் என்று தாத்தாவுக்குத்தான் தெரியும். சுவரோரம் தோண்டிப் பார்க்க வேண்டும் என்கிறார் அவர். தோண்ட வேண்டிய இடத்தில் தறிக்குழி. தறியில் பாவு ஏறி, பாதிச் சேலை நிற்கிறது. எடுக்க முடியுமா? "தட்டிப் பார்த்துச் சொல்லுங்கள்" என்கிறோம். தட்டிப் பார்த்து அஸ்திவாரம் சொல்ல அவர் ஜோசியர் அல்ல. அந்தச் சேலை அறுபடும் வரை பொறுத்து, தோண்டிப் பார்த்த பிறகு தளம் போடுங்கள்.

2019-ல் வந்த கட்டிட விதிகளில் கட்டமைப்பு இஞ்சினீயர், மண் ஆராயும் இஞ்சினீயர், கட்டுமான இஞ்சினீயர், தரம் பார்ப்பவர் என்று தனித்தனியே பதிவு வைத்தார்கள். நல்ல காரியம். ஆனால் எத்தனை கையெழுத்து ஏறினாலும், வேலையை நிறுத்தச் சொல்கிறவருக்குப் பின்பலம் இல்லையென்றால் என்ன ஆகும் என்பதை வங்காளதேசத்தில் உலகமே பார்த்தது.

டாக்காவுக்கு அருகே சவாரில் ராணா பிளாசா என்று எட்டு மாடிக் கட்டிடம். உள்ளே ஆயத்த ஆடை ஆலைகள். மேல் மாடிகள் அனுமதியில்லாமல் ஏற்றியவை. 2013 ஏப்ரல் 23-ந் தேதி தூண்களில் விரிசல் கண்டது. வந்து பார்த்த இஞ்சினீயர், "ஆபத்து, எல்லோரும் வெளியேறுங்கள்" என்று சொன்னார். சொல்லிவிட்டார், தோழர்களே! கீழே இருந்த பாங்கும் கடைகளும் மூடின. ஆடைத் தொழிலாளர்களை மட்டும், சம்பளம் போகும் என்று மிரட்டி மறுநாள் காலை உள்ளே ஏற்றினார்கள். கட்டிடம் விழுந்தது. 1,134 பேர் மாண்டார்கள். அங்கே குறைந்தது அறிவா? படிப்பா? அந்த வார்த்தைக்கு ஆலை வாசலைப் பூட்டும் சக்தி இல்லை.

அதன் பிறகு தொழிற்சங்கங்களும் வெளிநாட்டு ஆடைக் கம்பெனிகளும் அதே ஆண்டு மே மாதத்தில் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. ஆலைக்காரரிடம் சம்பளம் வாங்காத இஞ்சினீயர்கள் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆலைகளைச் சோதித்தார்கள்; ரிப்போர்ட்டை எல்லோரும் படிக்கும்படி வெளியிட்டார்கள். ஆபத்தான கட்டிடத்துக்குள் போக மறுக்கும் உரிமை தொழிலாளிக்கு எழுத்தில் கிடைத்தது. இங்கே நாம் கேட்க வேண்டியதும் இதுதான்: சோதிக்கிற இஞ்சினீயருக்குச் சம்பளம் முதலாளி கையிலிருந்து போகக் கூடாது, ரிப்போர்ட் சைட் வாசலில் தமிழில் தொங்க வேண்டும், கம்பி கட்டுகிற தோழர் இந்திக்காரராக இருந்தால் இந்தியிலும் தொங்கட்டும்.

குடியிருக்கிறவன் கண்ணும் ஒரு சோதனைக் கருவிதான். 2021 டிசம்பர் 27-ந் தேதி சென்னை திருவொற்றியூரில் 24 வீடுகள் கொண்ட வாரியக் குடியிருப்புப் பகுதி இடிந்து விழுந்தது. 1993-ல் கட்டியது. விரிசலைக் கண்டு ஜனங்கள் முன்னதாகவே வெளியே ஓடிவிட்டதால் ஓர் உயிரும் போகவில்லை.

கொத்தனார், கம்பி வேலைத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. தளத்துக்கு முதல் நாள் மாலையே, லாரிக்குச் சொல்லுவதற்கு முன்னால், இஞ்சினீயரை வரவழைத்துக் கம்பியைக் காட்டுங்கள். அப்போது அவர் "நிறுத்து" என்றால் யாருக்கும் நஷ்டமில்லை. முட்டு கழற்றும் நாளையும் மனதில் வையுங்கள். நாலரை மீட்டர் வரை அகலமுள்ள தளத்துக்கு 7 நாள், அதற்கு மேல் 14 நாள். பீமுக்கு ஆறு மீட்டர் வரை 14 நாள், அதற்கு மேல் 21 நாள். சென்ட்ரிங் சாமான் வேறு சைட்டுக்கு வேண்டும் என்று ஐந்தாம் நாளே கழற்றச் சொன்னால், சொல்கிறவரிடம் எழுதி வாங்குங்கள்.